பால்மேல் விழுந்த பழி

சேத்துப்பட்டிலிருந்து ஆரணிக்குத் திரும்பும் வழியில், ஒரு ரைஸ் மில்லைத் தாண்டியதும் அண்ணன் காரை நிறுத்தச் சொன்னான். சொன்னான் என்றுகூடச் சொல்ல முடியாது. டிரைவரின் தோளைத் தட்டினான், அவ்வளவுதான். வண்டி முழுதாக நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி, பட்டுக்கரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனைமரங்கள் இருந்த பக்கமாக ஓடினான்.

அவனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். பெண்ணை அவனுக்குப் பிடித்துவிட்டது என்பது சேத்துப்பட்டிலேயே முகத்தில் தெரிந்தது. வழியில் அதே முகத்தில் வேறொன்றும் தெரிய ஆரம்பித்தது.

"நெய்யி தான்," என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். "கேசரில கைய வெச்சா முழங்கை வரிக்கும் வழியுது. நெய்யும் பால்லருந்து வர்றது தானே? இவனுக்குத்தான் பாலு ஆவாதே."

"கம்மியா ஊத்தியிருந்தா கஞ்சம்னு சொல்லுவ," என்றார் முன் சீட்டிலிருந்த அப்பா. "ஊத்தினாலும் பேசற. அவங்க இன்னா தான் பண்ணுவாங்க?"

நான் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் அந்த வீட்டில் என்னென்ன சாப்பிட்டான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காபியை வழக்கம்போல வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பால் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. நெய்யில் பால் சர்க்கரை இருக்காது, காய்ச்சி வடித்ததில் அதெல்லாம் போய்விடும். பஜ்ஜி ஒன்று. கேசரி இரண்டு தட்டு. கேசரியில் என்ன இருக்கிறது? ரவை, நெய், கலர்ப் பொடி. அப்புறம், ரவையைவிட ஜாஸ்தியாகச் சர்க்கரை.

அந்த இடத்தில்தான் எனக்கு அது தட்டியது. பனைமரத்துக்குப் பின்னால் அண்ணனின் தலை மட்டும் தெரிய, காரில் உட்கார்ந்தபடியே சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"ம்மா, பாலு இல்லம்மா. சக்கர."

"சக்கர எல்லாருக்கும் தான் ஆவுது. எனக்கு ஆவுல? உனக்கு ஆவுல?"

"நமக்கு ஆவும். அவனுக்கு மட்டும் ஆவாம இருக்கலாம்."

"ரெண்டு பேரும் ஒரே வயித்துல தானே பொறந்தீங்க?"

அண்ணன் திரும்பி வந்து கதவை மூடினான். முகம் வெளுத்திருந்தது, ஆனால் காது நன்றாக வேலை செய்தது. "என் வயித்தப் பத்தி இன்னா பேசிகினு இருக்கீங்க?" என்றான். "வண்டிய எடுங்க, ஜல்தியா வூட்டுக்குப் போவணும்."

பால் ஆகாது என்பது எங்கள் வீட்டில் எப்போது முடிவானது என்று யாருக்கும் நினைவில்லை. அண்ணன் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அவன் வயிறு சத்தம் போடும், உப்பும், ஓட வைக்கும். யாரோ பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னார்கள். நிறுத்தினோம். நின்றது பால் மட்டும்தான். ஆனாலும் அந்தத் தீர்ப்பு மாறவில்லை. மற்ற எல்லோருக்கும் பால் டீ, அவனுக்குக் கறுப்பு டீ. பாலில்லாத குறைக்கு அம்மா அவன் டம்ளரில் மட்டும் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போடுவாள். அவன் பாவம் என்று போடுவாள். அந்தக் கரண்டிதான் அந்த நிமிடம் காரில் என் கண் முன்னால் வந்து நின்றது.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அண்ணன். தறியில் கல்யாணப் புடவை போட்டிருக்கும்போது நடுவில் எழுந்து போய்விட்டு வந்தால் இழையை அடிக்கும் அழுத்தம் கொஞ்சம் மாறும், குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழும். நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து வெளிச்சத்தில் விரித்தால், அண்ணன் எங்கெங்கே எழுந்து ஓடினான் என்று அப்பா விரலை வைத்துக் காட்டுவார். "இது காலையில டீ குடிச்சப்புறம். இது சந்தவாசல் மாமா சுவீட்டு எடுத்துகினு வந்த அன்னிக்கி."

அந்தக் கோடுகள் எல்லாவற்றுக்கும் நாங்கள் பாலைத்தான் திட்டினோம், அவன் பாலே குடிக்காத வருஷங்களிலும்.

மறுநாள் காலை சேத்துப்பட்டிலிருந்து போன் வந்தது. அவர்களுக்குச் சம்மதம். தை மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அப்பா போனைப் பொத்திக்கொண்டு சிரித்த முகத்தோடு திரும்பினார். அண்ணன் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டபடி, "வேணாம்," என்றான்.

"புடிக்கலியா?"

"புடிச்சிருக்குது. அதனால தான் வேணாம்."

அவனை உலுக்கி உலுக்கிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. தாலி கட்டியதும் பாலும் பழமும் கொடுப்பார்கள் இல்லையா, அதுதான். சர்க்கரை போட்ட பாலில் வாழைப்பழத்தைப் பிசைந்து, வரிசையாகப் பெரியவர்கள் வந்து கரண்டியால் ஊட்டுவார்கள். பெண் வீட்டுப் பக்கம் ஐந்தாறு பேர், நம் பக்கம் ஐந்தாறு பேர்.

"மேடையில வெச்சி ஊட்டுவாங்க," என்றான் அண்ணன். "வீடியோக்காரன் லைட்ட மூஞ்சில அடிச்சிகினு இருப்பான். அப்பால மண்டபம் முழுக்க ஆளுங்க. நான் எந்தப் பக்கம் ஓடறது?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இது வெறும் வயிற்றுக் கோளாறு இல்லை, இவன் ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லப்போகிறான்.

"கொஞ்ச நாள் டைம் கேளுங்கப்பா," என்றேன். "நான் கண்டுபுடிக்கிறேன்."

"நீ இன்னா டாக்டரா? ரத்தத்தையும் ஒண்ணுக்கையும் டெஸ்ட் பண்றவ தானே," என்றான் அண்ணன்.

அது முழுப் பொய்யும் இல்லை. பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். தினமும் காலை பஸ், மாலை பஸ். நாள் முழுக்க வருவதில் பெரும்பாலும் அவன் சொன்ன இரண்டும்தான். ஆனால் எங்கள் லேபில் ஒரு மூலையில் ஒரு மேஜை இருக்கிறது. எப்போதாவது வரும் டெஸ்டுகளுக்கான மேஜை. சிறுகுடலின் உள்தோலிலிருந்து எடுத்த துணுக்கு ஒன்று வரும். அதில் சர்க்கரைகளைச் செரிக்கும் என்சைம்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளக்க வேண்டும். அந்த டெஸ்ட் வரும் நாளில் நானும் என் தோழியும் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவோம். பக்கத்து மேஜைக்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்பார்கள்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, முறுக்கு நூலைக் கையில் எடுத்துக்கொண்டேன். பட்டு நூலை ஒற்றையாக நெய்ய முடியாது, இழைகளைச் சேர்த்து முறுக்கித்தான் தறிக்கு வரும். அதைப் பிரித்துக் காட்டினேன்.

"நம்ம போடற சர்க்கரையும் இப்டித்தான். ரெண்டு இழை சேத்து முறுக்கினது. பால்ல இருக்கற சர்க்கரை வேற ரெண்டு இழை. முறுக்கோட இருந்தா ஒடம்பு எடுத்துக்காது. பிரிச்சாத்தான் ரத்தத்துக்குப் போவும். ஒவ்வொரு முறுக்கையும் பிரிக்கறதுக்குன்னு கொடலுக்குள்ள தனித்தனியா ஆளு இருக்கான். பால் சர்க்கரையப் பிரிக்கறவன் வேற, இந்தச் சர்க்கரையப் பிரிக்கறவன் வேற."

"ஆளு லீவு போட்டா?" என்றார் அப்பா.

"முறுக்கு பிரியாம அப்டியே கீழ எறங்கும். பெருங்குடல்ல இருக்கற கிருமிங்க அத்த தின்னு காத்து விடும், தண்ணிய இழுக்கும். அதான் சத்தம், அதான் ஓட்டம்."

"அப்போ இவனுக்கு எந்த ஆளு லீவு?"

"அத்தத்தான் கண்டுபுடிக்கணும்."

ஆஸ்பத்திரியில் வயிற்று டாக்டரிடம் அண்ணனை இட்டுக்கொண்டு போனேன். அவர் கேசரிக் கதையைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் தள்ளிவிடவில்லை. எடுத்த எடுப்பில் வயிற்றுக்குள் குழாய் விட வேண்டாம், முதலில் எளிமையாக ஒன்று பார்ப்போம் என்று அளவும் முறையும் சொல்லி அனுப்பினார். வெறும் வயிற்றில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும், கொஞ்ச இடைவெளி விட்டு விட்டு விரலில் குத்திப் பார்க்க வேண்டும். சர்க்கரை பிரிந்தால் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும். பிரியாவிட்டால் ஏறாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலேயே செய்தோம். சர்க்கரை பார்க்கும் மெஷின் அப்பாவுடையது. அவருக்குச் சர்க்கரை வியாதி, அதனால் விரல் குத்தும் வேலையில் அவர்தான் எங்கள் வீட்டு நிபுணர். அண்ணன் பாத்ரூம் கதவுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, சர்க்கரைத் தண்ணீரை மூக்கைப் பிடித்துக் குடித்தான். அப்பா குத்தினார். கொஞ்சம் கழித்து மறுபடி குத்தினார். எண் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாவது தடவை பார்த்தபோதும் அசையவில்லை. நாங்கள் மெஷினைத் தட்டிப் பார்த்தோம். அப்பா தன் விரலில் ஒரு தடவை குத்திச் சரிபார்த்தார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

"நான் சோத்தப் பாத்தாலே ஏறுது," என்றார் அப்பா, வருத்தமும் பொறாமையும் கலந்து. "இவன் சக்கரத் தண்ணியே குடிச்சும் ஏற மாட்டேங்குது. அடுத்த ஜென்மத்துல எனக்கு இவன் வயிறு வேணும்."

அதற்குள் அண்ணன் உள்ளே போயிருந்தான். "இப்பவே எடுத்துக்கோங்க," என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அடுத்த ஞாயிறு, வெறும் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். முறுக்கே இல்லாத ஒற்றை இழை. இந்தத் தடவை எண் விறுவிறுவென்று ஏறியது. அண்ணன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான், பேப்பர் படித்தான், வயிறு ஒரு சத்தமும் போடவில்லை. நான் வீட்டுக்குள்ளேயே குதித்தேன். "ஆடாத, தறியில பாவு நூலு அறுந்துடப் போவுது," என்று அம்மா விரட்டினாள்.

சரி, இனி நேரடியாகக் குடலிலேயே பார்த்து உறுதி செய்துவிடலாம் என்றார் டாக்டர். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, வாய் வழியாகக் குழாயை இறக்கி, சிறுகுடலிலிருந்து சில துணுக்குகள் எடுத்தார்கள். ஒவ்வொன்றும் அரிசி நொய்யைவிடச் சின்னது. சில மைக்ராஸ்கோப்பில் பார்க்க, ஒன்று எங்கள் மேஜைக்கு. எங்கள் ஆஸ்பத்திரியில் சாம்பிளை நோயாளியோடு வந்தவர்தான் லேப் கட்டடம் வரைக்கும் எடுத்துக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். அண்ணனோடு வந்தவர் அப்பா. ஐஸ் நிரப்பிய சின்ன டப்பாவில், துணுக்கு இருந்த சின்னக் கண்ணாடிக் குழாயை வைத்து அவர் கையில் கொடுத்து, "ரொம்ப ஜாக்கிரதை, இதுக்கு ஏதாச்சும் ஆனா டெஸ்ட்டே வீணாப் போயிடும்," என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார்.

அப்பா டப்பாவை லேப் ஜன்னலில் கொடுத்தபோது நான் உள்ளே இருந்தேன். ஐஸுக்குள் குழாய் ஒழுங்காக இருந்தது. சொந்தக்காரர் சாம்பிளை நான் தொடக் கூடாது என்று தோழி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "வேணும்னா கையக் கட்டிகினு நின்னு பாரு," என்றாள். கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

அவள் அந்த நொய்யளவுத் துணுக்கைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் போட்டு அரைத்தாள். அரைத்ததைப் பிரித்துத் தனித்தனிக் குழாய்களில் விட்டு, ஒன்றில் பால் சர்க்கரை, ஒன்றில் நாம் போடும் சர்க்கரை, ஒன்றில் மாவிலிருந்து வரும் மால்டோஸ் சேர்த்தாள். உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் அவற்றை நிறுத்தினாள். என்சைம் இருந்தால் அங்கே நிற்கும் நேரத்துக்குள் முறுக்கு பிரிந்து குளுக்கோஸ் வெளியே வந்திருக்கும். கடைசியாக விடும் மருந்து குளுக்கோஸைக் கண்டால் ரோஸ் நிறம் காட்டும். நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் துணுக்கில் இருந்த புரோட்டீனோடு ஒப்பிட்டுத்தான் கணக்கு, இல்லையென்றால் பெரிய துணுக்கு கெட்டிக்காரத் துணுக்காகத் தெரியும். பக்கத்தில் எப்போதும் ஒரு நல்ல குடலின் சாம்பிளையும் சேர்த்து ஓட்டுவோம், எங்கள் மருந்தின்மேல் எங்களுக்கே சந்தேகம் வராமல் இருக்க.

நல்ல குடலின் குழாய்கள் மூன்றும் ரோஸாக நின்றன. அண்ணனின் மூன்றும் வெளுத்துக் கிடந்தன. சர்க்கரை மட்டுமில்லை, பாலும் மால்டோஸும் சேர்ந்து.

 எல்லா ஆளும் லீவு என்றால் இவன் எதைத்தான் சாப்பிடுவது? குடலின் உள்தோலே தேய்ந்து போயிருந்தால் இப்படி வரும். ஆனால் இரண்டு நாள் கழித்து வந்த மைக்ராஸ்கோப் ரிப்போர்ட் வேறு சொன்னது, தோல் பசேலென்று முளைத்த நாற்றங்கால் மாதிரி இருக்கிறது, ஒரு குறையும் இல்லை.

"ரெண்டுல ஒண்ணு பொய்," என்றாள் தோழி. "இது உங்க அண்ணனோட கொடலா, வர்ற வழியில உசுர விட்ட கொடலா? ஐஸ்ல தானே வந்துச்சு?"

"ஐஸ்ல தான் வந்துச்சு. நானே பாத்தேன்."

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். அவர் நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார்.

"ஒரு சொட்டுத் தண்ணி படாம கொண்டாந்தேன்."

"அப்டின்னா?"

"அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்? ஐஸு உருகி தண்ணியா நிக்குது, அதுல போயி அத்த முக்கி வெச்சிருக்குது. உள்ள தண்ணி எறங்கினா இன்னா ஆவறது? எடுத்து துண்டால தொடச்சி, மடியில பத்திரமா கட்டிகினேன். லிஃப்டுல ஒரே கூட்டம். ரொம்ப நேரம் நின்னேன். அப்பால ஒரு டீ குடிச்சேன். உங்க லேப் கிட்ட வந்தப்புறம், டப்பாவோட தானே குடுத்தாங்க, டப்பாவோட தானே குடுக்கணும்னு மறுபடி உள்ள வெச்சி குடுத்தேன்."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. ஈரக் கையோடு பாவு பக்கம் போனால் இந்த மனிதர் போடும் சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். மழை நாளில் நூல் கட்டை மூன்று பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவார். பட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறை. விலை மதிப்பில்லாத பொருள் ஒன்றை யார் கையில் கொடுத்தாலும், இந்த ஊரில் அவர்கள் முதலில் ஈரத்திலிருந்துதான் அதைக் காப்பாற்றுவார்கள். அப்படித்தான் அண்ணனின் என்சைம்களை அப்பா தன் இடுப்புச் சூட்டில் வைத்துக் கொன்றுவிட்டார்.

உடம்பிலிருந்து எடுத்த துணுக்கு ஐஸில் இல்லாவிட்டால் அழுக ஆரம்பித்து என்சைம்கள் செத்துவிடும் என்று விளக்கியதும் அப்பா முகம் சுருங்கிப் போயிற்று. அம்மாவுக்கு மட்டும் ஒரு விஷயத்தை மன்னிக்க முடியவில்லை. "புள்ளயோட கொடல மடியில கட்டிகினு டீ வேற குடிச்சிகிறாரு."

மறுபடி எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அண்ணன் முடியாது என்றான். அந்தக் குழாயை ஒரு வாட்டி முழுங்கியதே போதும், இந்தப் பேஜாரே வேண்டாம், சேத்துப்பட்டுக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்றான். சொல்லியும் விட்டான்.

எனக்கு அது மறுநாள் பஸ்ஸில் போகும்போதுதான் தெரிந்தது. புது நம்பரிலிருந்து போன். சேத்துப்பட்டுப் பெண். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். குரலும் அப்படித்தான் இருந்தது, விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது போல.

"உங்க அண்ணன் போன் பண்ணாருங்க. கல்யாணம் சரிப்படாதுன்னாரு. ஏன்னு கேட்டா வயிறுன்னாரு. வயிறு எல்லாருக்கும் தான் இருக்குது. நீங்க சொல்லுங்க, இன்னா விஷயம்?"

பஸ் ஆட்டத்தில், பக்கத்து சீட்டு அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க, கேசரியில் தொடங்கி மடியில் கட்டிய குடல் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். 

"ரெண்டாவது தட்டு கேசரி வெச்சது நான் தாங்க," என்றாள்.

"அவன் வேணாம்னு சொல்லியிருக்கலாம்."

"எங்க சொன்னாரு? நான் வெச்சதும் மொதல் தட்டவிட ஜல்தியா சாப்ட்டாரு." சிரித்தாள். "சரி, நான் பேசிக்கிறேன்."

பக்கத்து சீட்டு அம்மாள் இறங்கும்போது என் முழங்காலைத் தட்டி, "நல்ல பொண்ணு, வுட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அண்ணனுக்குப் போன் வந்தது. தறியில் உட்கார்ந்தபடியே எடுத்தான். எங்களுக்குக் கேட்டது அவன் பக்கம் மட்டும்தான். "ம்." "ம்." "இல்லீங்க." "ஐஸ்லயாங்க?" "சரிங்க." போனை வைத்துவிட்டு, தறி நாடாவை இரண்டு முறை குறுக்கே ஓட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டான். "டியூப்பு எப்போ?"

அவள் என்ன சொன்னாள் என்பதைப் பிறகு அவனே ஒரு நாள் சொன்னான். மேடையில் ஓட வேண்டி வந்தால் தனியாக எப்படி ஓடுவீங்க, உங்க துண்டையும் என் முந்தானையையும் முடிச்சுப் போட்டிருப்பாங்களே, நானும்தான் கூட ஓடி வரணும், அதனால எனக்கும் இது தெரிஞ்சாகணும், போய் டெஸ்ட்ட முடிச்சிட்டு வாங்க என்றாளாம்.

இரண்டாவது தடவையும் சாம்பிளைத் தானே எடுத்து வருவேன் என்று அப்பா அடம் பிடித்தார். அம்மா கூடாது என்றாள். நான் அப்பா பக்கம் நின்றேன். ஐஸ் டப்பாவை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, கோயிலிலிருந்து தீர்த்தம் எடுத்து வருகிறவர் மாதிரி வந்தார். லிஃப்டை நம்பவில்லை, படிக்கட்டில் இறங்கி ஏறி வந்தார். யாரையும் மூடியைத் தொடவிடவில்லை. உருகிய தண்ணீர் வழிந்து சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"நனஞ்சா பரவால்லன்னு நீ தானே சொன்ன," என்றார் ஜன்னல் வழியாக. பல்லெல்லாம் அடித்துக்கொண்டது.

தோழி அரைத்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டேன். தொட்டியில் குழாய்கள் நின்ற நேரம் எனக்குப் போகவே இல்லை. இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன், மூன்றாவது தடவை தோழி என்னை ஸ்டூலில் உட்கார வைத்தாள். கடைசி மருந்தை விட்டாள்.

முதலில் ரோஸாகியது பால் குழாய். அழுத்தமான ரோஸ், பக்கத்திலிருந்த நல்ல குடலுக்குக் கொஞ்சமும் குறையாமல். மால்டோஸ் குழாய் லேசாகச் சிவந்து பாதியில் நின்றது. சர்க்கரைக் குழாய் அப்படியே இருந்தது. தண்ணீர் மாதிரி. தோழி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நான் கட்டிய கையை அவிழ்த்துவிட்டேன்.

அவனுக்குக் குறைவது சர்க்கரையைப் பிரிக்கும் என்சைம். மால்டோஸிலும் பெரும்பங்கு வேலை அதே என்சைமுடையதுதான், அதனால்தான் அங்கேயும் பாதி. பாலைப் பிரிக்கும் என்சைம் அவனுக்கு நம்மில் பலரைவிட நன்றாகவே இருக்கிறது. கணக்கைப் பார்த்து டாக்டரும் அதையே சொன்னார். பிறவியிலேயே வருவது, பயப்பட ஒன்றுமில்லை, சர்க்கரையையும் வெல்லத்தையும் நிறுத்தணும், சோறு அளவாக, நன்றாக மென்று. "பால்?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே. "தாராளமா குடிக்கலாம்," என்றார்.

வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இத்தினி வருஷமா பாலு மேல பழி போட்டு, சக்கரய நானே அள்ளி அள்ளிப் போட்டிருக்கறேன்," என்றாள். உடனே அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பால் காய்ச்சப் போய்விட்டாள்.

நான் வீடு சேர்ந்தபோது அண்ணன் கையில் பால் டீ இருந்தது, சர்க்கரை இல்லாமல். வாழ்க்கையில் ஏங்கி ஏங்கிப் பார்த்த டம்ளர். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைக் கோணினான்.

"இந்தக் கசப்புக்குத்தான் நீங்கல்லாம் தெனமும் காலையில அடிச்சிக்கிறீங்களா?"

ஆனால் முழுதும் குடித்தான். குடித்துவிட்டு எல்லோரும் காத்திருந்தோம், அவன் வயிற்றைப் பார்த்தபடி. அது பேசவில்லை. அவன் தறிக்குப் போய், இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. அன்று புதிதாகத் தொடங்கிய புடவையைத் தறியிலிருந்து அறுத்தபோது அப்பா வெளிச்சத்தில் விரித்துக் கோடு தேடினார். முந்தானைப் பக்கம் ஒரே ஒரு கோடு. "இது சேத்துப்பட்டுப் பொண்ணு போன் பண்ணப்போ எழுந்து போனது," என்றார்.

சேத்துப்பட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. தை மாதம்தான். இப்போது மிச்சமிருப்பது மேடை.

பாலில் சர்க்கரைக்குப் பதில் குளுக்கோஸ் போடுவதில் பிரச்சினை இல்லை. அம்மா ஒத்துக்கொண்டாள். சிக்கல் வாழைப்பழம். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தில் இவனுக்கு ஆகாத அதே சர்க்கரை இருக்கிறது. திராட்சையில் அது கிட்டத்தட்ட இல்லை. எனவே பாலும் திராட்சையும் என்றேன்.

"பாலும் பழமும்னா வாழப்பழம் தான்," என்றாள் அம்மா. "சொந்தக்காரங்க இன்னா சொல்லுவாங்க?"

"திராட்சயும் பழம் தானேம்மா."

"ஒரு துண்டு வாழப்பழம் போடலாமா? பேருக்கு?"

"ஊட்டறவங்க பத்துப் பேரும்மா. ஆளுக்கு ஒரு துண்டு."

இதைச் சேத்துப்பட்டு அண்ணியிடம் போனில் சொன்னேன். இப்போதே அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவள் தன் அம்மாவிடம் பேசிவிட்டு மறுபடி கூப்பிட்டாள். அவர்கள் பக்கம் திராட்சைக்குச் சரி. ஆனால் வெட்டின திராட்சை போட்டால் பால் திரியுமா என்று அவள் அம்மா கேட்கிறாராம். நல்ல கேள்வி. எனக்குத் தெரியவில்லை. புளிக்காத பழமாகப் பார்த்து, பாலை ஆறவைத்து, ஊட்டும்போது மட்டும் சேர்த்தால் திரியாது என்று நினைக்கிறேன். நினைப்பதோடு விடுவதாக இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. பஸ் ஸ்டாண்டு அருகே இரண்டு வகைத் திராட்சை வாங்கி வைத்துவிட்டேன், ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. குளுக்கோஸ் பொடி தயார். அப்பா மெஷினுக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறார், பத்துப் பேராகவும் தானே ஊட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணி போனில் வீடியோவில் வருவாள். அண்ணன் பட்டு வேட்டி கட்டி நாற்காலியில் உட்கார வேண்டும், முகத்தில் லைட் அடிக்க என் தோழி வேலூரிலிருந்து வருகிறாள்.

அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டான். நாற்காலியை மட்டும் பாத்ரூம் பக்கமாகப் போடச் சொன்னான். முடியாது, மண்டபத்தில் இருப்பது போலத்தான் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.